வயர் பிடிக்க ஓர் ஆள்

என் பொன்னு சாந்தாக்காவுக்கு,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் மற்றதை எழுத எனக்குக் கை ஓடும். கிழக்கேகோட்டையில் ஒரு மிஷின் கடையில், பட்டப்பகலில், ஊர் பார்க்க, நான் நம்ம காலனி செக்ரட்டரி சாரைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

சிரி, சிரி. முன்பெல்லாம் நீ சிரித்தால் இருமல் வரும், இருமினால் வெற்றிலை தெறிக்கும், தெறித்த இடத்தை நான்தான் பெருக்க வேண்டும். இப்போது அந்தத் தொந்தரவு யாருக்கும் இல்லை. நன்றாகவே சிரித்துக்கொள்.

என் மேல் தப்பில்லை அக்கா. கடைக்காரர் ஒரு மிஷினை முதுகில் மாட்டிக்கொண்டு கயிற்றை இழுத்தார். காது இரண்டும் அடைத்துப் போயிற்று. என் முந்தானை பறந்து என் முகத்தையே மூடியது. எது தூண், எது ஆள் என்று தெரியாமல் பக்கத்தில் இருந்ததைப் பிடித்துத் தொங்கினேன். அது சார். கேட்டுக்கு வெளியே நாம் நின்றாலே இரண்டு அடி தள்ளி நின்று பேசுகிற அதே சார். பாவம், அவர் அசையவே இல்லை. "பரவால்ல தங்கம், பரவால்ல. அவன் நிறுத்திட்டான். விட்டுடு" என்றார். நான் விடுவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

நமக்கும் மிஷின் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். சருகு ஊதுகிற மிஷின் வாங்கப் போனோம். யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். ஸ்விட்சைப் போட்டால் அதிலிருந்து காற்று பாயும். சருகு முன்னால் ஓடும், நாம் பின்னால் நடக்க வேண்டியதுதான். பெருக்க வாரியலும் வேண்டாம், குனியவும் வேண்டாம்.

உனக்குத் தெரியாதா, மாசி வந்தால் நம்ம பார்க்கில் நிற்கிற மகாகனி மரங்களுக்குக் கிறுக்குப் பிடிக்கும். காலையில் நாம் கூட்டிக் குவித்துவிட்டு நிமிர்ந்தால், பெருக்கின இடத்திலேயே மறுபடியும் கொட்டிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கும். போதாததற்கு ஆறாம் நம்பர் வீட்டுப் பாதாம் மரம். அதன் ஒவ்வோர் இலையும் சாப்பாட்டுத் தட்டு அகலம். முன்பு போலத் தீ வைக்கவும் இப்போது விடுவதில்லை. எல்லாவற்றையும் பார்க் மூலையில் உரக்குழியில் கொண்டுபோய்த் தள்ள வேண்டும். இந்த வருஷம் கமிட்டிக்காரர்கள் அதைப் பார்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

சார்தான் வந்து சொன்னார். கையில் குடை, நெற்றியில் விபூதி, முகத்தில் ஏதோ பல்வலி வந்த மாதிரி ஒரு பாவனை.

"தங்கம், கமிட்டியில தீர்மானம் ஆயாச்சு. மிஷின் ஒண்ணு வாங்கறோம். வாங்கிட்டா அடுத்த மாசத்துலேர்ந்து ஒரு ஆள் போறும்னு சொல்றா. நீ பழைய ஆள், நீ இருப்பே. எது வாங்கலாம்னு நீயே கடைக்கு வந்து பார்த்துச் சொல்லிடு. நீதானே அதைப் பிடிக்கப் போறே."

"அப்ப பிந்து?"

"அது... பார்க்கலாம்" என்றார். குடையை விரித்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

சாந்தாக்கா, பிந்து உன் மகள் என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அவள் எப்படி இங்கே வந்தாள் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. போன மழைக்கு ஓடையில் இறங்கிக் குப்பை வாரிவிட்டு நீ எலிப்பனிக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, மூக்கில் குழாயை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாய்: "நாளைக்கி நீ ஒத்தைக்கி நின்னு தெருவைத் தூத்தாத. பிந்துவைக் கூட்டிட்டுப் போ." பெரிய பேச்சு ஒன்றும் நீ பேசவில்லை. அதுதான் கடைசிப் பேச்சு என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த ஒரு நாளைக்கு வந்தவள்தான், உன் வாரியலைப் பிடித்தபடி இன்னும் நிற்கிறாள். உன் மருமகன் இருக்கிற இடம் இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. உன் பேத்தியின் பள்ளிக்கூடச் செருப்பு வரைக்கும் அந்த வாரியலில் இருந்துதான் வருகிறது.

இதை நான் எப்படி அவளிடம் சொல்வேன்? சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கவும் எனக்குத் தெரியவில்லை. உடம்பு முழுக்க எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. டீயில் இரண்டு தரம் சர்க்கரை போட்டேன். ஒரு வீட்டு மணியை அடித்துவிட்டு எதற்கு அடித்தேன் என்று மறந்து நின்றேன். பெருக்கின இடத்தையே மறுபடியும் பெருக்கினேன். பிந்து தெருவின் அந்தப் பக்கத்தில் இருந்து சத்தம் போட்டாள்.

"சித்தி, அங்க தூத்தாச்சு. இனி தூத்தா தரை தேஞ்சு போவும், கேட்டோ!"

"தேயட்டும் பிள்ளே. கீழ தங்கம் கெடக்கான்னு பாக்குதேன்."

"தங்கம் மேல நின்னு கிறுக்குத்தனம் காட்டுது. கீழ என்ன கெடக்கப் போவுது?"

பார்த்தாயா வாயை? உன்னிடம் வாங்கினதுதான், எனக்கு ஒன்றும் சம்பந்தமில்லை.

சரி, கடைக்கு வருகிறேன். அங்கே மூன்று வகை மிஷின் வைத்திருந்தார்கள். முதலாவது, நான் சாரைப் பிடிக்கக் காரணமான பெட்ரோல் மிஷின். மலைப்பக்கம், பொன்முடிக்கெல்லாம், காட்டுத்தீ வராமல் சருகை ஒதுக்க இதைத்தான் கொண்டுபோவார்களாம். கடைக்காரர் மலையாளமும் தமிழும் கலந்து பெருமை அடித்தார்: "சேச்சி, இது ஒண்ணு மதி, போதும். நாலு ஆள் செய்யுற வேலை ஒரு ஆள் செய்யும்."

மறுபடியும் அதே 'ஒரு ஆள்'. வாயைச் சும்மா வைத்திருக்க எனக்கு எப்போது தெரிந்தது?

"சார், காலம்பற உங்க வீட்டு மாமி பாட்டு சொல்லிக்குடுக்குற நேரமாக்கும் நாங்க தூத்த வாறது. இது கெடந்து இப்பிடி அலறினா பிள்ளையளுக்குச் சுருதி சேருமா?"

சார் மிஷினைப் பார்த்தார். "அவ பாட்டும் ஏறக்குறைய இப்படித்தான்" என்றார். சொல்லிவிட்டுச் சட்டென்று திரும்பிப் பார்த்தார், மாமி கடைக்குள் வந்திருக்கிறாளா என்று. ஆனால் எனக்கு வேண்டியது நடந்துவிட்டது. பெட்ரோல் மிஷின் பக்கம் அவர் அப்புறம் போகவில்லை.

இரண்டாவது பேட்டரி மிஷின். உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன், நல்ல மிஷின் அக்கா. தூக்கினால் ஒரு பச்சைப்பிள்ளை கனம்தான். சத்தமும் பெரிதாக இல்லை. என் வலது தோளை உனக்குத் தெரியும், மழைக்காலத்தில் நீதானே எண்ணெய் போட்டு நீவிவிடுவாய். அந்தத் தோளுக்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது. கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கீழே வைக்க மனசே இல்லை.

"இது எப்படி? ஒரு ஆள் சுகமா பிடிக்கலாமே" என்றார் சார்.

"சார்ஜ் தீந்தா?"

"மறுபடி சார்ஜ் ஆகிற வரைக்கும் நீ உக்காந்து ரெஸ்ட் எடுத்துக்கோ."

"நல்லாருக்கு. நான் மரத்தடியில உக்காந்திருப்பேன். மாடியில நிக்குறவிய போட்டோ எடுத்து கமிட்டி குரூப்புல போடுவாவ. 'சம்பளம் வாங்கிட்டு தங்கம் தூங்குது'ன்னு நீங்களே வந்து கேப்பிய. வேண்டாம் சார்."

சார் அதை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். அந்த மாதிரி போட்டோ ஒன்று முன்பே வந்திருக்கிறது, நீ கொட்டாவி விட்ட போட்டோ.

மூன்றாவதைக் கடைக்காரர் எடுத்தே காட்டவில்லை. ஒரு மூலையில், தூசி படிந்து, வயரைச் சுற்றி வைத்திருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"அது சின்ன வீட்டு முற்றத்துக்கு உள்ளதாக்கும் சேச்சி. கரண்டுல ஓடும். ரோட்டுக்கெல்லாம் கொண்டுபோனா தொல்லை. வயரு காலுல சுத்தும், கல்லுல உரசும். பொறத்தால ஒரு ஆள் வயர் பிடிச்சுட்டே நடக்கணும்."

சாந்தாக்கா, அதுவரை அடைத்திருந்த காது அப்போதுதான் எனக்குத் திறந்தது.

"சார், இதுதான்" என்றேன்.

"இதுவா? இதுக்கு ரெண்டு பேர் வேணும்கறானே. கமிட்டி ஒரு ஆள்னுதானே..."

"வெலை குறைச்சல் சார். சத்தம் குறைச்சல். பெட்ரோல் வேண்டாம், சார்ஜ் வேண்டாம். வயர் பிடிக்க மட்டும் ஓர் ஆள் வேணும். மரத்துல கட்டிப்போட்டா மரம் கூட நடந்து வருமா?"

சார் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கு இருந்ததா, எனக்குத் தெரியாது. "ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வச்சுண்டு ஒரு ட்ரையல் பார்ப்போம். சரிப்பட்டா பணம் கட்டி இதை வாங்கலாம். இல்லேன்னா பெட்ரோல்தான், என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

இதைச் செக்ரட்டரி சார் படித்தால் படிக்கட்டும். விற்ற மிஷினைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்களாம், விசாரித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஞாயிறும் வந்தது. நம்ம ஊர் அல்லவா, ட்ரையல் பார்க்கவும் திறப்பு விழா. பார்க்கில் நிலவிளக்கு ஏற்றினார்கள். மிஷினுக்கு மாலை போட்டார்கள். பிரசிடென்ட் பேசினார். பிந்து என் காதில், "சித்தி, எனக்கு கல்யாணத்துக்கு கூட இத்தற ஆளு வரல்ல" என்றாள். அவளுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. மிஷின் வந்தால் இடுப்பு வலி குறையும் என்று சந்தோஷமாக நின்றாள்.

பேச்செல்லாம் முடிந்து மிஷினைக் கையில் கொடுத்தார்கள். அப்போதுதான் வயரின் அந்த நுனியைப் பார்த்தோம். எங்கே சொருகுவது?

இதை நான் யோசிக்கவே இல்லை அக்கா. ஆள் வேண்டும், ஆள் வேண்டும் என்றே மண்டைக்குள் ஓடியதில் கரண்ட் வேண்டும் என்பது விட்டுப்போயிற்று. பார்க்கில் பிளக் கிடையாது. ஏதாவது வீட்டில் இருந்துதான் எடுக்க வேண்டும். எல்லோரும் எல்லோர் முகத்தையும் பார்த்தார்கள். ஆறாம் நம்பர் டீச்சர், பாதாம் மரத்துக்காரி, முதலில் வாயைத் திறந்தாள்.

"எங்க வீட்டுக் கரண்டு எடுத்து ரோட்டுச் சருகு ஊதணுமோ? பில்லு ஆரு அடைக்கும்?"

இரண்டு வீட்டில் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. ஒருத்தர், "பின்னே பெட்ரோல் தன்னே நல்லது" என்றார். இன்னொருத்தர் அதற்கு மேலே போய், "ஒரு ஆளைக் குறைக்கத்தானே மிஷின் வாங்குறது? இதுக்கு ரெண்டு ஆள் வச்சா பின்னே என்ன லாபம்?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

பிந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சித்தி, யாரைக் குறைக்க?"

உன் முகம்தான் அவளுக்கு. அதே மூக்கு. வயர் நுனியை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மீன் விற்கிறவள் மாதிரிக் கூவினேன்.

"யாரு வீட்டுல பிளக் தாராவளோ, அந்த வீட்டு முற்றம் இன்னைக்கு முதல்ல! கேட்டுக்கு உள்ள, கொல்லைப்பக்கம், கார் நிக்குற எடம், எல்லாம் ஊதித் தாறோம்! தராத வீட்டுச் சருகு அங்கனே கெடக்கும், சொல்லிட்டேன்!"

வீட்டு முற்றம் நம்ம வேலையில் இல்லை என்பது உனக்குத் தெரியும். தெருவும் பார்க்கும்தான் நமக்கு. அவரவர் முற்றத்தை அவரவர்தான் பெருக்கிக்கொள்கிறார்கள், அதுவும் முனகிக்கொண்டே. அதனால் நான் கூவி முடிக்கவும் டீச்சர் உள்ளே ஓடவும் சரியாக இருந்தது. ஜன்னல் வழியாக ஒரு பிளக் பெட்டி எட்டிப் பார்த்தது. "இந்தா தங்கம், இங்க குத்திக்கோ. அந்த பாதாம் எலை முழுக்கப் போகணும், கேட்டோ." எதிர் வீட்டுக்காரர், "எங்க வீட்டு பிளக் பதினஞ்சு ஆம்பியராக்கும்" என்று அவருடையதை நீட்டினார். சாத்தின ஜன்னல்கள் திறந்தன. கடைசியில் யார் வீட்டில் முதலில் சொருகுவது என்று சண்டை வந்து, சார்தான் முறை வைத்துத் தீர்த்துவைத்தார்.

சரி, கரண்ட் வந்தாயிற்று. சீனியர் நான்தானே, மிஷினை நான் பிடித்தேன். ஸ்விட்சைப் போட்டேன். குழாய் நான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நான் இடது பக்கம் காட்டினால் அது வானத்தைக் காட்டியது. டீச்சர் வீட்டுச் சருகு முழுக்க எழும்பி, பிரசிடென்ட் தலையிலும் கமிட்டி மேலேயும் பூமாரி மாதிரி விழுந்தது. இதோ போயிற்று, இனிப் பெட்ரோல்தான் என்று நினைத்தேன்.

அப்போது பிந்து வந்து என் கையில் இருந்து அதைப் பிடுங்கினாள். பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"இங்க தாங்க. நீங்க போய் வயரைப் பிடிங்க."

அவள் குழாயைத் தரையோடு தாழ்த்தினாள். அவ்வளவுதான். மண்ணைக் கிளப்பாமல், சருகை மட்டும், ஓரமாக, ஒரு பக்கமிருந்து தள்ளிக்கொண்டே போனாள். இலையெல்லாம் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டி ஓடின. நான் பின்னால் வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ரோஜாத் தொட்டியில் மாட்டாமல், கார் சக்கரத்தில் சிக்காமல், தண்ணீர் நின்ற இடத்தில் படாமல். சும்மா சொல்லக்கூடாது, அதுவும் வேலைதான். அவள் திரும்பினால் நான் விட வேண்டும், அவள் பின்னால் வந்தால் நான் சுருட்ட வேண்டும்.

சார் சத்தமாகச் சொன்னார்: "ரெண்டு பேர் இல்லாம இது ஆகாது. நன்னா தெரியறது. மினிட்ஸ்ல எழுதிக்கோங்கோ." யாரும் மறுத்துப் பேசவில்லை. அவரவருக்கு அவரவர் முற்றம் எப்போது வரும் என்பதுதான் கவலை.

சாருக்கு முன்பே தெரியுமா? கடையில் கண்ணாடியைத் துடைத்தபோதே தெரியுமா? நீ இருந்தால் இதை வைத்தே ஒரு மாசம் பேசியிருப்போம்.

ஜெயித்துவிட்டோம் என்று பிந்துவைப் பார்த்தேன். அவள் டீயை வாங்கிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள் அக்கா. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்டாள்.

"எத்தற நாளா உங்களுக்குத் தெரியும்?"

"கொஞ்ச நாளா."

"எனக்காக ஆக்குமா இந்த மிஷின் வாங்க வச்சிய?"

"நான் பொய் ஒண்ணும் சொல்லல மக்ளே. வயரை யாராவது பிடிக்கத்தானே வேணும்?"

"உங்க தோளு?"

"தோளு கெடக்கு போ."

"இனி எனக்குத் தெரியாம எனக்கு வேண்டி ஒண்ணும் செய்யப்படாது" என்றாள். "அம்மையும் இதேதான் செஞ்சா. பனி வந்தத என்கிட்ட சொல்லல்ல. சொல்லியிருந்தா ஒரு நாளு முன்னால ஆஸ்பத்திரிக்கு போயிருக்கலாம்லியா?"

நீயே சொல்லு. ஏன் சொல்லவில்லை நீ? என்னிடமும்தான் சொல்லவில்லை. தலைவலி என்றாய், வெயில் என்றாய். நான் உன்னைச் சோம்பேறி என்று கேலி செய்தேன், நீயும் சிரித்தாய்.

இப்போது தினமும் இப்படித்தான் போகிறது. முன்பு நீ தெருவின் அந்த முனையிலிருந்தும் நான் இந்த முனையிலிருந்தும் பெருக்கிக்கொண்டு வந்து நடுவில் சந்திப்போமே, பிந்தி வந்தவள் டீ வாங்க வேண்டும் என்று பந்தயம் வைத்து, நீ பாதிச் சருகை ஓடைப் பாலத்துக்கு அடியில் தள்ளிவிட்டு முந்தி வந்து நிற்பாயே, அது இனி முடியாது. ஒரே வயர். அவள் முன்னால், நான் பின்னால். "வேகம் வாங்க சித்தி, வயரு முறுகுது" என்று மாட்டை ஓட்டுகிற மாதிரி ஓட்டுகிறாள். யாருடைய வேலையை யார் காப்பாற்றினார்கள் என்று சில சமயம் எனக்கே குழப்பம். மிஷினைப் பிடிக்கத் தெரிந்தவள் அவள். எனக்கு வயர் பிடிக்கத்தான் தெரியும்.

அதனால்தான் இன்னும் மனசு ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. போன வாரம் கமிட்டியில் ஒருத்தர் செல்போனில் ஏதோ புது பேட்டரியைக் காட்டிக்கொண்டிருந்தார். நாள் முழுக்க நிற்குமாம். நான் வயரைச் சுருட்டுகிற சாக்கில் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். படத்தில் ஒரே ஓர் ஆள்தான் சிரித்துக்கொண்டு நின்றான்.

வரட்டும். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், சாருக்கும் சொல்லவில்லை, பிந்துவுக்கும் சொல்லவில்லை. சொல்லாமல் செய்யப்படாது என்று அவள் சட்டம் போட்டிருக்கிறாள், அதனால் நேரம் வரும்போது அவள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டுச் செய்வேன். ஓர் ஆள் போதும் என்று என்றைக்கு அவர்கள் முடிவு கட்டுகிறார்களோ, அன்றைக்கு அந்த ஓர் ஆள் உன் மகள்தான். நான் வயரைச் சுருட்டி வைத்துவிட்டுப் போய்விடுவேன். எனக்கு வேறு வேலை கிடைக்கும். வாய் இருக்கிறதே.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. நேற்று பிளக் கொடுக்கிற முறை செக்ரட்டரி சார் வீட்டுக்கு. மாமி பாட்டு கிளாஸில் இருந்ததால் நானே சமையற்கட்டுக்குப் போய், அங்கே இருந்த ஒரு பிளக்கை உருவிவிட்டு நம்முடையதைச் சொருகினேன். வேலை முடிந்து நம்ம வயரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். இன்று காலையில் சார் கேட்டுக்கு வந்து, நேற்று எந்த பிளக்கை உருவினாய் என்று கேட்டார். காட்டினேன். அது ஃப்ரிட்ஜ். உள்ளே மாமி விருந்தாளிகளுக்காக அரைத்து வைத்த தோசைமாவு இருந்திருக்கிறது. ராத்திரி பொங்கிக் கதவைத் திறந்துகொண்டு கீழே வந்துவிட்டது. மிச்சம் இருந்ததை மாமி ஊத்தப்பமாகச் சுட்டுத் தெரு முழுக்கக் கொடுத்தாள். பிந்து நாலு தின்றாள். புளிப்பு கொஞ்சம் கூடுதல். சட்னி நன்றாக இருந்தது.

உன் தங்கச்சி, உன் மகளுக்குச் சித்தி,
தங்கம்